வீட்டில் கிடக்கும் பழைய கைபேசி விஷமா? மின்னணுக் கழிவு யாரை, எப்படிப் பாதிக்கிறது

நீங்கள் கேட்டது இதுதான்: வீட்டில் ஒரு பழைய பெட்டி டிவி, ஓடாத கணினி, மூன்று நான்கு கைபேசிகள் கிடக்கின்றன. மின்னணுக் கழிவு கொடிய விஷம் என்று படித்ததிலிருந்து அவற்றைப் பக்கத்தில் வைத்திருக்கவே பயமாக இருக்கிறது. குப்பையில் போட்டால் மண்ணும் தண்ணீரும் கெடும் என்கிறார்கள். பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுத்தால் எங்கோ ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறும் என்கிறார்கள். இதில் எது உண்மை, எது மிகை? அதோடு, உப்பிப்போன பேட்டரி ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேட்டரிக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பொருள் ஆபத்தானதா என்பது ஒன்று, அதைப் பிரிக்கும் விதம் ஆபத்தானதா என்பது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் தேவையில்லாத இடத்தில் பயமும், பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமும் வருகின்றன. நான் சுற்றுச்சூழல் வேதியியல் படித்தவன். மண்ணிலும் தூசியிலும் உலோகங்களை அளப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. மருத்துவன் அல்ல, ஆகவே உடல்நலம் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளை வைத்துத்தான்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். உடையாமல், சூடேறாமல் அலமாரியில் கிடக்கும் ஒரு கருவி உங்களை ஒன்றும் செய்யாது. பழைய பெட்டி டிவியில் ஈயம் நிறையவே இருக்கிறது, ஒரு பெரிய டிவியில் சில கிலோ. திரைக்குப் பின்னால் புனல் மாதிரி குறுகிப் போகும் கண்ணாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடுதான். உள்ளே உண்டாகும் எக்ஸ்-கதிர் வெளியே வந்து பார்ப்பவர்மேல் படக் கூடாது என்பதற்காகவே அதைச் சேர்த்தார்கள். அந்த ஈயம் கண்ணாடியோடு கண்ணாடியாக உருகி இறுகியிருக்கிறது, ஆவியாகி அறைக்குள் வராது. சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைத்திருக்கும் சால்டர் என்ற உலோகக் கலவையும் அப்படித்தான். பழைய சால்டரில் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். தொட்டால் கையை நன்றாகக் கழுவிவிடுங்கள், அவ்வளவு போதும். கவனிக்க வேண்டியவை மூன்று: உடைந்த திரைக் கண்ணாடி, பழைய எல்.சி.டி. திரைகளுக்குள் விளக்காக இருந்த மெல்லிய பாதரசக் குழாய், உப்பிய பேட்டரி. மற்றபடி அந்தப் பொருள்கள் இருக்கும் அறையில் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆபத்து தொடங்குவது அதற்குள் இருக்கும் காசை வெளியே எடுக்கும்போது. ஒரு டன் சர்க்யூட் போர்டில் சுமார் 200 கிராம் தங்கம் இருக்கும். ஒரு டன் தங்கத் தாதுவில் பெரும்பாலும் சில கிராம்தான் தேறும். போர்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செம்பு. இவ்வளவு மதிப்புள்ள பொருளை யாரும் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் முறையான ஆலை இல்லாத இடத்தில் கைவசம் இருக்கும் கருவிகள் நெருப்பு, அமிலம், சுத்தியல் மூன்றும்தான். நடக்கும் கேடு பெரும்பாலும் இந்த மூன்றின் வழியாகவே நடக்கிறது.

நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வயருக்குள் செம்பு, மேலே குளோரின் கலந்த பிளாஸ்டிக்கான பி.வி.சி. உறை. உறையைக் கையால் உரித்தால் நேரமாகும், கொளுத்தினால் சில நிமிடத்தில் செம்பு தனியாகக் கிடைத்துவிடும். வேதியியல் மாணவர்களுக்குப் பெயில்ஸ்டைன் சோதனை என்று ஒன்று சொல்லித் தருவோம். செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் ஒற்றியெடுத்து மறுபடி சுடரில் காட்ட வேண்டும். பிளாஸ்டிக்கில் குளோரின் இருந்தால் சுடர் பளிச்சென்று பச்சையாகும். செம்பும் குளோரினும் சேர்ந்து உண்டாகும் செம்புக் குளோரைடின் நிறம் அது. வயர் எரிக்கும் இடத்தில் அதே சோதனைதான் குவியல் குவியலாக, திறந்த வெளியில் நடக்கிறது. தீயின் ஓரங்களில் அந்தப் பச்சைச் சாயலைப் பார்க்கலாம். அது வெறும் நிறமாக இருந்தால் பரவாயில்லை. செம்புக் குளோரைடு, டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாவதைத் தூண்டிவிடும் வினையூக்கி. கரியும் குளோரினும் செம்பும் சேர்ந்து, புகை ஏறக்குறைய 250 முதல் 400 டிகிரிக்குள் ஆறிவரும்போதுதான் டையாக்சின்கள் அதிகம் உருவாகின்றன. டையாக்சினை உருவாக்க வேண்டும் என்றே ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டாலும் இதைவிடப் பொருத்தமான அடுப்பைக் கட்ட முடியாது. அது கொழுப்பில் தங்கும், உடலைவிட்டு வெளியேற ஆண்டுக்கணக்காகும், உணவுச் சங்கிலியில் மேலேறும். கானாவின் அக்ரா நகரில் அக்போக்ப்ளோஷி என்ற பழைய உலோகச் சந்தை இருந்தது. அங்கே மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019-இல் அறிக்கை வந்தது. ஒரு பெரியவர் அதில் ஒரே ஒரு முட்டை சாப்பிட்டால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளுக்குத் தாங்கலாம் என்று சொல்லும் அளவைப்போல 220 மடங்கு டையாக்சின் உள்ளே போகும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். வயரைத் தொட்டே பார்க்காதவருக்கும் கேடு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது போர்டுகள். கரி அடுப்பின் மேல் ஒரு தகடு, அதன்மேல் போர்டைக் கவிழ்த்து வைத்துச் சூடேற்றுவார்கள். பழைய சால்டர் 183 டிகிரியிலேயே இளகிவிடும். இடுக்கியால் எடுத்து ஒரு தட்டுத் தட்டினால் ஐ.சி. என்ற சின்னச் சில்லுகள் உதிரும். இந்த இடத்தில் பலரும் நினைப்பதற்கும் வேதியியலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஈயம் ஆவியாகி மூக்கில் ஏறுகிறது என்று நினைப்பார்கள். 183 டிகிரியில் ஈயம் சொல்லிக்கொள்ளும்படி ஆவியாகாது. அப்போது எழும் காரமான புகை, சால்டர் நன்றாகப் பிடிப்பதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸிலிருந்தும், சூடு தாங்காமல் கருகும் போர்டின் பிசினிலிருந்தும், அதில் தீ பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களிலிருந்தும் வருவது. ஈயம் வேறு வழியில் போகிறது. சொட்டிய சால்டர் துணுக்குகள் தரையில் மிதிபட்டுப் பொடியாகும், தூசியாகும், உள்ளங்கையிலும் சட்டையிலும் ஒட்டும், அதோடு வீட்டுக்குப் போகும். முகமூடி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கும் திட்டங்கள் தோற்பதற்கு இது ஒரு காரணம். வேலை செய்யும் இடத்தில் கைகழுவத் தண்ணீரும், மாற்றிக்கொள்ளத் தனி உடையும், வேலையிடத்தில் சாப்பிடக் கூடாது என்ற ஒழுங்கும் ஈயத்தைப் பொறுத்தவரை முகமூடிக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல.

உதிர்த்த ஐ.சி.க்களும் தங்க முலாம் பூசிய முனைகளும் அப்புறம் அமிலத்துக்குப் போகும். ஒரு பங்கு நைட்ரிக் அமிலத்தோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த ராஜதிராவகம் தங்கத்தைக் கரைக்கும். செம்பும் நைட்ரிக் அமிலமும் சேரும்போது செம்பழுப்பு நிறத்தில் புகை கிளம்பும், அது நைட்ரஜன் டை ஆக்சைடு. இதன் கொடுமை என்னவென்றால், சுவாசித்தவருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் இருமல் மட்டும் வந்து அடங்கிவிடலாம், பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். தங்கம் எடுத்தபின் மிஞ்சும் அமிலத்தில் செம்பு, ஈயம், நிக்கல் எல்லாம் கரைந்திருக்கும். அது பெரும்பாலும் பக்கத்து வாய்க்காலில் ஊற்றப்படுகிறது. இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது இருக்கும் தங்கத்தில் ஏறக்குறைய கால் பங்குதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நவீன உருக்காலையில் 95 சதவீதத்துக்கு மேல் மீட்கலாம். உடம்பையும் கெடுத்துக்கொண்டு முக்கால் பங்கையும் வாய்க்காலில் விடுகிறோம் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஈயம் பற்றி. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் குய்யூ என்ற ஊர் பல ஆண்டுகள் உலகின் மின்னணுக் கழிவைப் பிரிக்கும் பெரிய மையமாக இருந்தது. அங்கே ஆறு வயதுக்கு உட்பட்ட 165 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து 2007-இல் ஒரு ஆய்வு வெளியானது. சராசரியாக ஒரு டெசிலிட்டரில் 15.3 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. பக்கத்து ஊரான சென்தியானில் 9.94. குய்யூ குழந்தைகளில் 81.8 சதவீதம் பேர் 10-ஐத் தாண்டியிருந்தார்கள். இன்று உலக சுகாதார நிறுவனம் 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது, பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்றும் சொல்கிறது. சிறு குழந்தைகளின் குடல், விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகம் உறிஞ்சும். உடல் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்துவைக்கும். ரத்தத்தில் உள்ளது ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும், எலும்பில் உள்ளது பத்தாண்டுகளுக்கு மேல் தங்கும். சிறுமியாக இருந்தபோது தூசியில் உட்கார்ந்தவள் பிற்காலத்தில் கருவுறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து குழந்தைக்குப் போகும், கூடவே அந்த ஈயமும் போகும். மூளை வளரும் வயதில் ஏறும் ஈயம் அறிவுத்திறனையும் கவனத்தையும் குறைக்கும் என்பதில் இப்போது அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, முறைசாராக் கழிவுத் தொழிலில் 1 கோடியே 29 லட்சம் பெண்கள் வரை இருப்பதாகவும் அவர்களுக்கு மின்னணுக் கழிவின் நச்சு படும் வாய்ப்பு இருப்பதாகவும் சொன்னது. பல இடங்களில் குழந்தைகளும் வேலை செய்கிறார்கள், விரல் சிறியது என்பதால் சின்னத் திருகுகளைக் கழற்ற அவர்களை விடுகிறார்கள்.

இனி உறுதி குறைந்தவை. பிறக்கும் குழந்தையின் எடை குறைவது, தைராய்டு ஹார்மோன் மாறுவது, நுரையீரல் திறன் குறைவது, மரபணுவில் சேதம் ஏற்படுவது ஆகியவற்றுக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டவை, ஆண்டுக்கணக்கில் அதே ஆள்களைப் பின்தொடர்ந்தவை குறைவு. அந்த ஊர்களில் வறுமை, சத்துக்குறைவு, புகையிலை, வேறு தொழிற்சாலைகள் எல்லாம் கலந்தே இருக்கும். ஈயம், காட்மியம், டையாக்சின், புரோமின் சேர்மங்கள் எல்லாம் ஒன்றாக உடலில் சேரும்போது எது எதைச் செய்தது என்று பிரிப்பதும் கடினம். குறிப்பிட்ட ஒருவருக்கு வந்த புற்றுநோய் இதனால்தான் வந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அதே நேரம், நிரூபணம் முழுமையாகவில்லை என்பதைக் காரணம் காட்டி ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் இடமில்லை, ஈயத்தின் கேடு ஒன்றே நடவடிக்கை எடுக்கப் போதுமானது.

குப்பைமேட்டில் போட்டால் நிலத்தடி நீர் கெடுமா என்று கேட்டீர்களே, அதற்கு விடை இடத்தைப் பொறுத்தது. உடைத்த திரைக் கண்ணாடியையும் போர்டுகளையும் ஆய்வகத்தில் லேசான அசிட்டிக் அமிலத்தில் குலுக்கிப் பார்த்தால், கரையும் ஈயம் பலமுறை அனுமதித்த அளவைத் தாண்டும். இந்த முடிவைத்தான் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஆனால் அடியில் தடுப்பு விரித்து முறையாகக் கட்டிய குப்பைக்கிடங்கின் கசிவுநீர் அவ்வளவு அமிலமாக இருப்பதில்லை, அதில் ஈயம் மற்ற பொருள்களோடு பிணைந்து அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே உண்மையான கிடங்குக் கசிவில் அளந்த ஈயம் ஆய்வகச் சோதனை பயமுறுத்தியதைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் குப்பையில் போடலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். திறந்த குப்பைமேடுகள் அடிக்கடி தீப்பிடிக்கின்றன, லித்தியம் பேட்டரி அதற்கு ஒரு முக்கியக் காரணமாகி வருகிறது. தீப்பிடித்தால் மேலே சொன்ன புகைக் கதை திரும்ப ஆரம்பிக்கும்.

அளவைப் பார்ப்போம். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட உலகக் கணக்கின்படி 2022-இல் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டானது, தலைக்கு 7.8 கிலோ. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். 2030-இல் மொத்தம் 8 கோடியே 20 லட்சம் டன் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 'பணக்கார நாடுகளின் கழிவு முழுவதும் ஏழை நாடுகளில் கொட்டப்படுகிறது' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது பாதி உண்மை. அதே கணக்கில் எல்லை தாண்டியது சுமார் 51 லட்சம் டன், அதில் 33 லட்சம் டன் கட்டுப்பாடில்லாமல் போனது. அநியாயம்தான், ஆனால் மொத்தத்தில் சிறு பகுதி. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி 2011-இல் வந்த ஆய்வும், அங்கே சேரும் கழிவில் பெரும்பகுதி அந்நாட்டு மக்களே பயன்படுத்தி முடித்ததுதான் என்று காட்டியது. அபாயகரமான கழிவைக் கண்டபடி ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989-இல் உருவானது. 2025 ஜனவரி 1 முதல், அபாயமானது, அபாயமல்லாதது என்ற வேறுபாடில்லாமல் எல்லா மின்னணுக் கழிவையும் அனுப்புவதற்கு முன் பெறும் நாட்டின் சம்மதம் வேண்டும் என்ற திருத்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 'பழுதுபார்ப்பதற்கு' என்று சீட்டு ஒட்டி அனுப்பும் வழி இன்னும் முழுதாக அடைபடவில்லை. ஆக, துறைமுகத்தை மட்டும் காவல் காத்தால் போதாது. அவரவர் ஊரில் உண்டாகும் கழிவு அவரவர் ஊரில் எங்கே போகிறது என்பதுதான் பெரிய கேள்வி.

ஃபிரிட்ஜைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆகவே ஒரு வார்த்தை. பழைய ஃபிரிட்ஜில் குளிர்விப்பதற்காக இருக்கும் ஆர்-12 என்ற வாயு ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 10,900 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும், ஓசோனையும் கெடுக்கும். செம்புக் குழாய்க்காகப் பின்பக்கத்தை வெட்டினால் 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும், நிறமும் இருக்காது, மணமும் இருக்காது, கண்ணும் எரியாது. யாருக்கும் தெரியாமல் போகும் கேடு இது.

பிரிக்கும் தொழிலாளிகளைக் குற்றவாளிகளாகப் பார்க்கும் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. வீடு வீடாகப் போய்ச் சேகரிப்பதிலும், திருகைக் கழற்றிப் பாகம் பாகமாகச் சுத்தமாகப் பிரிப்பதிலும் அவர்களை எந்த இயந்திரமும் மிஞ்சவில்லை. கேடு நடப்பது கடைசிப் படியில், உலோகத்தை வெளியே எடுக்கும் இடத்தில். கையால் பிரிப்பதை அவர்களே நியாயமான கூலிக்குச் செய்து, போர்டுகளை மட்டும் வடிகட்டிகள் பொருத்திய பெரிய உருக்காலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடுதான் எனக்குத் தெரிந்தவரை நடைமுறைக்கு ஒத்துவருவது. விரட்டிவிட்டால் தொழில் ஒழியாது. அக்போக்ப்ளோஷி சந்தையை 2021-இல் இடித்துத் தள்ளினார்கள், வேலை பக்கத்து இடங்களுக்குச் சிதறிப் போனது. வயர் உரிக்கும் இயந்திரம் கொடுப்பது நல்ல யோசனை, ஆனால் தடித்த வயருக்குத்தான் அது கட்டுப்படியாகும். முடி மாதிரி மெல்லிய வயர்களை உரிக்காமல் அப்படியே விலைக்கு வாங்க ஆள் இருந்தால்தான் எரிப்பது நிற்கும். நவீன உருக்காலை என்றால் களங்கமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற இடத்தில் உள்ள அப்படிப்பட்ட உருக்காலைக்குப் பக்கத்தில் வசித்த குழந்தைகளின் ரத்தத்தில் 2020-இல் ஈயம் கூடுதலாக இருந்தது தெரியவந்தது. அங்கே தொடர்ந்து அளக்கிறார்கள், அதனால் தெரிந்தது, கேள்வி கேட்க முடிந்தது. அமிலத் தொட்டிகள் உள்ள சந்துகளில் அளப்பதற்கே யாரும் வருவதில்லை.

உங்கள் வீட்டுப் பொருள்களுக்கு வருகிறேன். ஓடக்கூடியதை ஓடவிடுங்கள். ஒரு கைபேசியால் சுற்றுச்சூழலுக்கு வரும் சுமையில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது, ஆகவே பேட்டரி மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு பயன்படுத்துவது எந்த மறுசுழற்சியையும்விட மேல். தேறாததை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள், கொடுக்கும் முன் தகவல்களை அழித்துவிடுங்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: திரைக் கண்ணாடி, ஃபிரிட்ஜ் ஃபோம், புரோமின் கலந்த பிளாஸ்டிக் போன்ற விலைபோகாதவற்றை என்ன செய்கிறீர்கள்? செம்பும் தங்கமும் எங்கே போகின்றன என்று எல்லோரும் சொல்வார்கள். விலையில்லாததற்கும் பதில் வைத்திருப்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம். பெட்டி டிவியை நீங்களே திறக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும், குழாயும் வெற்றிடம் என்பதால் உடைந்தால் தெறிக்கும்.

அந்த உப்பிய பேட்டரியை இன்றே கவனியுங்கள். இனிச் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், வாயுவை வெளியேற்றுகிறேன் என்று ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். மூடி லேசாகக் கழன்று வந்தால் பேட்டரியை எடுத்து முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் நெம்ப வேண்டாம், கைபேசியோடு அப்படியே விடுங்கள். உலர்ந்த மணல் போட்ட உலோக டப்பாவில் வைத்து, மூடியை இறுக்காமல், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பேட்டரி வாங்கிக்கொள்ளும் சேகரிப்பு மையத்துக்குக் கொண்டு போகும்போது அது உப்பியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மற்றவற்றோடு போடாமல் தனியாக வைப்பார்கள்.